லைசென்ஸுக்கு 33 டாலர், அதற்கு முந்தைய கோர்ஸுக்கு எவ்வளவு?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டெக்சஸிலிருந்து, அல்லது டெக்சஸில் பிள்ளைகள் படிக்கும் பெற்றோரிடமிருந்து. எல்லாம் ஒரே விஷயம்: அங்கே 18 முதல் 24 வயதுக்குள் முதல்முறையாக டிரைவிங் லைசென்ஸ் எடுப்பவர்கள் ஆறு மணி நேரப் பாதுகாப்புக் கோர்ஸ் ஒன்றை முடித்தாகவேண்டும், அதை ஆன்லைனிலேயே முடிக்கலாம், ஆனால் அதற்கு எவ்வளவு கட்டவேண்டும் என்பதில் ஆளுக்கு ஒரு கணக்கு. அதனால் வழக்கமான பலவகைக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு 23 வயது. எம்.எஸ். படிக்க வந்திருக்கிறேன். ஊரில் நான்கு வருடம் கார் ஓட்டியிருக்கிறேன், இந்திய லைசென்ஸ் கையில் இருக்கிறது. இங்கே கோர்ஸ் கட்டாயம் என்கிறார்கள். ஒரு தளத்தில் 25 டாலர் என்று போட்டிருந்தது, பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால் 62 ஆகிவிட்டது. ரூம்மேட் அந்தக் கோர்ஸ் இலவசம் என்று சத்தியம் செய்கிறான். யார் சொல்வது சரி? ஓட்டத் தெரிந்தவன் ஏன் பணம் கட்டவேண்டும்?
– மாணவர், ரிச்சர்ட்சன்

பதில்: ரூம்மேட் பொய் சொல்லவில்லை தம்பி, நீங்கள் பார்த்த விலையும் பொய் இல்லை. நீங்கள் இருவரும் பேசுவது இரண்டு வேறு கோர்ஸ்களைப் பற்றி.

முதலாவது, ஆறு மணி நேர ‘அடல்ட் டிரைவர் எஜுகேஷன்’. 2009-இல் சட்டமாகி 2010-இல் நடைமுறைக்கு வந்தது. இதை மாநில அரசு நேரடியாக நடத்துவதில்லை. டி.டி.எல்.ஆர். என்று அங்கே எல்லோரும் சொல்கிற தொழில் உரிமத் துறையிடம் அனுமதி வாங்கிய தனியார் பள்ளிகள் நடத்துகின்றன, விலையையும் அவர்களே வைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது, ‘இம்பாக்ட் டெக்சஸ் டிரைவர்ஸ்’. லைசென்ஸ் கொடுக்கிற டி.பி.எஸ். துறையே தன் தளத்தில் வைத்திருக்கும் வீடியோ. உங்கள் வயதுக்காரர்களுக்கு ஒரு மணி நேரம், பதின்வயதுக்காரர்களுக்கு இரண்டு மணி நேரம். இதற்கு ஒரு சென்ட் கூடக் கிடையாது. ரூம்மேட் சொன்னது இதைத்தான். உங்களுக்கு இரண்டுமே வேண்டும், அதுவும் வரிசைப்படி: முதலில் ஆறு மணி நேரக் கோர்ஸ், பிறகு ரோடு டெஸ்டுக்கு முன்னால் இந்த ஒரு மணி நேர வீடியோ. வீடியோ சான்றிதழ் 90 நாள்தான் செல்லும், அதனால் ரோடு டெஸ்டுக்குத் தேதி கிடைத்த பிறகு பார்த்தால் போதும். ஆர்வக்கோளாறில் வந்திறங்கிய வாரமே பார்த்து முடித்துவிட்டு, டெஸ்ட் அன்று கவுன்டரில் காலாவதியான காகிதத்தோடு நிற்கவேண்டாம்.

இப்போது அந்த 25 எப்படி 62 ஆனது என்ற கதைக்கு வருவோம். பணம் கட்டும் பக்கத்தை மறுபடி திறந்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். பாடத்தை ஒருவர் வாசித்துக் காட்டும் வசதிக்குத் தனிக் காசு, மாதிரித் தேர்வுத் தொகுப்புக்குத் தனிக் காசு, சான்றிதழைக் கூரியரில் அனுப்ப, அதுவும் நாளைக்கே வேண்டும் என்றால் இன்னும் கொஞ்சம், அப்புறம் ‘தேர்ச்சி உத்தரவாதம்’ என்று ஏதாவது. இவற்றில் சில கட்டங்களில் நீங்கள் கை வைக்காமலே டிக் விழுந்திருக்கும். எடுத்துவிடுங்கள், ஒன்றுகூடக் கட்டாயம் கிடையாது. சான்றிதழை மின்னஞ்சலில் கூடுதல் காசில்லாமல் தருகிறார்களா என்று மட்டும் கார்டு எண்ணைத் தட்டுவதற்கு முன்னால் பாருங்கள். அதற்கும் தனியாகக் கேட்கும் பள்ளி என்றால் அடுத்த பள்ளிக்குப் போங்கள். சட்டம் கேட்கும் அடிப்படைப் பாடம் எல்லாப் பள்ளிக்கும் ஒன்றுதான், விலை கூடினால் பாடம் கூடிவிடாது.

இன்னொரு எச்சரிக்கை, இதில் பணத்தை விட்டவர்கள் உண்டு. அதே தளங்களில் ‘டிஃபென்சிவ் டிரைவிங்’ என்று இன்னொரு கோர்ஸ் விற்பார்கள், அதுவும் ஆறு மணி நேரம். அது சாலை விதியை மீறிப் போலீஸிடம் டிக்கெட், அதாவது அபராதச் சீட்டு, வாங்கியவர்கள் அந்தச் சீட்டைத் தள்ளுபடி செய்யவைக்க எடுப்பது. புதிதாக லைசென்ஸ் எடுப்பவருக்கு அது எந்த வகையிலும் செல்லாது. பெயரில் ‘அடல்ட் டிரைவர் எஜுகேஷன்’ என்று இருக்கிறதா, அந்தப் பள்ளியின் பெயர் டி.டி.எல்.ஆர். தளத்தில் உள்ள அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா, இந்த இரண்டையும் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

ஓட்டத் தெரிந்தவனுக்கு எதற்கு என்று கேட்டீர்கள். இந்திய லைசென்ஸை டெக்சஸ் நேராக மாற்றிக் கொடுப்பதில்லை. அவர்கள் கணக்கில் நீங்கள் புது ஓட்டுநர், நான்கு வருட அனுபவம் எந்தப் படிவத்திலும் ஏறாது. கோபம் வருவது நியாயம்தான். ஆனால் இந்தப் பணத்தில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது: கோர்ஸின் கடைசியில் வரும் தேர்வில் தேறிவிட்டால் டி.பி.எஸ். ஆபீஸில் எழுத்துத் தேர்வு தனியாக எழுதத் தேவையில்லை. அந்த ஆபீஸில் ஒரு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கப் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

இதோடு என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் கட்டணமே 33 டாலர். அதற்குமுன் சட்டப்படி முடித்தாகவேண்டிய ஒரு கோர்ஸுக்கு அதைவிட அதிகம் கட்டும்படி ஒருவரை விடுவது சரியில்லை. மாநிலம் ஒன்றைக் கட்டாயம் என்று சொன்னால், காசில்லாதவர் நுழைய ஒரு வாசலாவது திறந்து வைக்கவேண்டும். ஒரு மணி நேர வீடியோவைத் தானே தயாரித்து இலவசமாகக் கொடுக்க முடிந்த அரசுக்கு ஆறு மணி நேரத்தையும் கொடுக்க முடியும். தனியார் பள்ளிகள் பக்கத்திலேயே இருந்துவிட்டுப் போகட்டும், வசதி வேண்டுகிறவர்கள் அங்கே போவார்கள். மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் 19 வயதுப் பிள்ளைக்கு, வேலைக்குப் போக கார் வேண்டும், கார் ஓட்ட லைசென்ஸ் வேண்டும், லைசென்ஸுக்குக் கோர்ஸ் வேண்டும், கோர்ஸுக்கு வேலை வேண்டும். பஸ் வசதி அதிகம் இல்லாத மாநிலத்தில் இந்தச் சுற்றிலிருந்து வெளியே வருவது அந்தப் பிள்ளைக்குச் சுலபமில்லை.

கேள்வி: ஐயா, என் மகன் ஆர்லிங்டனில் படிக்கிறான். லைசென்ஸ் எடுக்க 250 டாலர் வேண்டும், ஆன்லைன் கோர்ஸ் இருக்கிறது என்கிறான். இங்கே எல்.எல்.ஆர். எடுக்க சில நூறு ரூபாய்தான் ஆனது. வேறு எதற்கோ கேட்கிறானோ என்று மனதுக்குள் ஒரு உறுத்தல்.
– ஒரு தந்தை, திருநெல்வேலி

பதில்: உறுத்தலை விடுங்கள் ஐயா. கோர்ஸ் மட்டும் 250 ஆகாது, அது உண்மை. ஆனால் முழுச் செலவு அந்த அளவுக்கு வர வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது, பையன் எல்லாவற்றையும் சேர்த்து ‘கோர்ஸ்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பான்.

நம் ஊர்க் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய விதிப்படி எல்.எல்.ஆருக்கு ஒரு வகை வண்டிக்கு 150 ரூபாய், தேர்வுக்கு 50. ஆனால் நீங்கள் அவ்வளவில் முடித்துவிட்டா வந்தீர்கள்? டிரைவிங் ஸ்கூலுக்குக் கொடுத்தது அதைவிடப் பல மடங்கு இருந்திருக்கும். அங்கேயும் அதே கதைதான். கோர்ஸுக்கு ஒரு தொகை, லைசென்ஸுக்கு 33 டாலர். ரோடு டெஸ்டை டி.பி.எஸ். ஆபீஸிலேயே கொடுத்தால் அந்த 33-இலேயே அடக்கம், தனிக் கட்டணம் இல்லை. ஆனால் வண்டியை நாம்தான் கொண்டுபோகவேண்டும், இன்ஷூரன்ஸ் பேப்பரோடு. மாணவனிடம் கார் ஏது? பெரிய நகரங்களில் டெஸ்டுக்கு இடம் கிடைக்க வாரக்கணக்கில் காத்திருக்கவும் நேரும். அதனால் பலர், டெஸ்ட் எடுக்க அரசு அனுமதி பெற்ற தனியார் டிரைவிங் ஸ்கூலுக்குப் போகிறார்கள். அங்கே டெஸ்டுக்குக் கட்டணம் உண்டு, அவர்கள் காரைப் பயன்படுத்தினால் அதற்கும் உண்டு. இது போக மணிக்கு இவ்வளவு என்று பயிற்சி வகுப்பு.

இதில் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்றால், டெஸ்ட் கட்டணத்தில் பிடிக்கலாம். இன்ஷூரன்ஸ் உள்ள காரோடு ஒரு சீனியர் கூட வந்தால் டி.பி.எஸ். ஆபீஸிலேயே முடித்துவிடலாம். ஒரே விண்ணப்பத்தில், 90 நாளுக்குள், மூன்று தடவை வரை முயற்சி செய்யலாம், அதைத் தாண்டினால்தான் மறுபடி பணம். ஆனால் பயிற்சி வகுப்பில் மட்டும் கை வைக்கவேண்டாம் என்று தயவுசெய்து உங்கள் மகனிடம் சொல்லுங்கள். ஊரில் ஓட்டிப் பழகியவனுக்கு அங்கே ஸ்டீயரிங் இடது பக்கம், சாலையின் வலது பக்கம் ஓட்டவேண்டும். நம் ஊர்க் கார்கள் பலவற்றில் இண்டிகேட்டர் வலது கையில் இருக்கும், அங்கே இடது கையில். திரும்பும் நேரத்தில் இண்டிகேட்டர் போட நினைத்து வைப்பரைப் போட்டுவிட்டு, காய்ந்த கண்ணாடியில் அது கறகறவென்று இழுக்க, அந்தப் பதற்றத்தில் இடது பக்கம் திரும்பும்போது பழைய பழக்கத்தில் எதிர்வரும் வண்டிகளின் தடத்துக்குள் போய்விடுவது, புதிதாகப் போகிறவர்களுக்கு நேரக்கூடியதுதான். பக்கத்தில் ஒரு பயிற்றுநர் உட்கார்ந்து இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டவைத்தால் இது கழியும். அதற்குக் கேட்டால் யோசிக்காமல் அனுப்புங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு 28 வயது. இதுவரை எந்த நாட்டிலும் லைசென்ஸ் எடுத்ததில்லை. ஒரு தளத்தில் ‘டெக்சஸ் சட்டப்படி கட்டாயக் கோர்ஸ்’ என்று பெரிதாகப் போட்டிருந்ததைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டோம். பிறகுதான் 25 வயதுக்கு மேல் தேவையில்லை என்று நண்பர் சொன்னார். பணம் போனதுதானா?
– வாசகர், இர்விங்

பதில்: நண்பர் சொன்னது சரி. 25 வயது ஆனவர்களுக்கு அந்த ஆறு மணி நேரக் கோர்ஸ் கட்டாயம் இல்லை, விரும்பினால் எடுக்கலாம். டி.பி.எஸ். தளத்தில் டிரைவர் கையேடு இலவசமாகக் கிடைக்கிறது, அதைப் படித்துவிட்டு நேராக ஆபீஸில் எழுத்துத் தேர்வு எழுதியிருக்கலாம்.

ஆரம்பித்துவிட்டீர்களா, இல்லையா? இன்னும் முதல் பாடத்தைத் திறக்கவில்லை என்றால் உடனே எழுத்து மூலமாகப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தளத்தின் ரீஃபண்ட் விதியை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு கேளுங்கள். கட்டாயம் என்று அவர்கள் போட்டிருந்த பக்கத்தையும் எடுத்துவையுங்கள், அதில் வயது வரம்பைச் சொல்லாமல் விட்டிருந்தால் அதைக் குறிப்பிட்டு டி.டி.எல்.ஆரில் புகார் கொடுக்கலாம். பாதி முடித்துவிட்டார் என்றால், என் யோசனை, முழுதாக முடிக்கட்டும். முதல்முறை ஸ்டீயரிங் பிடிப்பவருக்கு அது நல்ல துணை, எழுத்துத் தேர்வையும் அதிலேயே முடித்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கான ஒரு மணி நேர இலவச வீடியோவையும் ரோடு டெஸ்டுக்கு முன் பார்த்துச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: மகளுக்கு 15 வயது. பக்கத்து டிரைவிங் ஸ்கூலில் கேட்டால் பல நூறு டாலர் சொல்கிறார்கள். பெற்றோரே சொல்லிக்கொடுக்கலாம், 20 டாலர்தான் என்று ஒரு தோழி சொன்னாள். நம்பலாமா?
– ஒரு தாய், கேட்டி

பதில்: நம்பலாம் அம்மா. ‘பேரன்ட் டாட்’ என்பார்கள். டி.டி.எல்.ஆரிடம் 20 டாலர் கட்டி ஒரு வழிகாட்டியை வாங்கவேண்டும், அது கைக்கு வந்த பிறகு சொல்லிக்கொடுத்ததுதான் கணக்கில் சேரும். அதற்குமுன் ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங் லாட்டில் சுற்றியதெல்லாம் சேராது. சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கான தகுதிகளும் அதில் இருக்கும், அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள். பாடப்பகுதிக்கு அனுமதி பெற்ற ஆன்லைன் கோர்ஸைச் சேர்த்துக்கொண்டால் அதற்குத் தனிச் செலவு, ஆனாலும் பள்ளிக்குக் கட்டும் மொத்தத் தொகைக்குப் பக்கத்தில் வராது.

அப்படி மிச்சமாகும் பணத்துக்குப் பதிலாக உங்கள் நேரம் போகும், அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஓட்டுவதை மகள் பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பது 7 மணி நேரம், அவள் ஓட்டிப் பழகுவது 7 மணி நேரம், அது போக 30 மணி நேரக் கூடுதல் பயிற்சி, அதில் 10 மணி நேரம் இரவில். எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிவைக்கவேண்டும். வீட்டில் பொறுமை உள்ளவர் யார் என்று உங்களுக்கே தெரியும், அவர் சொல்லிக்கொடுக்கட்டும். கத்திக்கொண்டே சொல்லிக்கொடுக்கிற அப்பாவிடம் பிள்ளை பயத்தைத்தான் கற்றுக்கொள்ளும். வாகனமே ஓட்டாத நேரத்தை ஓட்டியதாக எழுதிக் கையெழுத்துப் போடுவது சில வீடுகளில் நடக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அந்தக் காருக்குள் இருக்கப்போவது உங்கள் பிள்ளை.

லைசென்ஸ் கட்டணம் 18-க்குக் கீழ் 16 டாலர். 15 வயதில் லேர்னர் லைசென்ஸ், அதை ஆறு மாதமாவது வைத்திருந்து, 16 வயதில் தனியாக ஓட்டும் லைசென்ஸ். முதல் 12 மாதம் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை காரணமில்லாமல் ஓட்டக்கூடாது, குடும்பத்தார் தவிர 21 வயதுக்குட்பட்ட ஒருவருக்கு மேல் ஏற்றக்கூடாது. தோழிகள் கூட்டமாக ஏறும்போது ‘சட்டமே விடாது’ என்று சொல்ல உங்கள் மகளுக்கு இது ஒரு நல்ல சாக்கு.

கேள்வி: எனக்கு 24 வயது, இன்னும் ஐந்து மாதத்தில் 25 ஆகிவிடும். கோயம்புத்தூரில் எல்லா ரோட்டிலும் ஓட்டியவள். அந்த ஆறு மணி நேரத்தில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கப்போகிறது? பேசாமல் பிறந்தநாள் வரை காத்திருந்து, கோர்ஸ் செலவை மிச்சம் பிடிக்கலாமா?
– வாசகி, ஆஸ்டின்

பதில்: காத்திருப்பது சட்டப்படி தப்பே இல்லை. ஆனால் ஆஸ்டினில் ஐந்து மாதம் கார் இல்லாமல் ஊபருக்கு எவ்வளவு ஆகும் என்று ஒரு மாதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், கோர்ஸ் கட்டணம் எங்கேயோ போய்விடும். தெரியாதது என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, அதற்குத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்லப்போகிறேன்.

நான்கு பக்கமும் ஸ்டாப் பலகை இருக்கும் சந்திப்பை எடுத்துக்கொள்ளுங்கள். போலீஸ் இல்லை, சிக்னல் இல்லை, ஹாரன் சத்தம் இல்லை. ஒவ்வொருவரும் சக்கரம் முழுதாக நிற்கும்படி நிறுத்தவேண்டும், முதலில் வந்து நின்றவர் முதலில் போகவேண்டும், ஒரே நேரத்தில் வந்தால் வலது பக்கத்தவருக்கு வழி. நம் ஊரில் யாருக்குத் துணிச்சல் அதிகமோ அவர் முதலில் போவார். அந்தப் பழக்கத்தில் மெதுவாக உருட்டிக்கொண்டே போனால் ரோடு டெஸ்டில் அங்கேயே முடிந்தது.

பள்ளிப் பேருந்து. மஞ்சள் பஸ் நின்று சிவப்பு விளக்கு மினுக்கினால், பின்னால் வருகிறவர் மட்டுமில்லை, எதிரில் வருகிறவரும் நிற்கவேண்டும். நடுவில் தடுப்பு இருந்து சாலை இரண்டாகப் பிரிந்திருந்தால் எதிர்ப்பக்கத்தவர் போகலாம். ஆனால் நடுவில் இருப்பது இடது பக்கம் திரும்புவதற்கான தடம் மட்டும் என்றால் அது தடுப்பு ஆகாது, நின்றாகவேண்டும். இந்த ஒரு நுணுக்கம் தெரியாமல் தாண்டிப்போனால் அபராதம் 500 டாலரில் தொடங்கி 1,250 வரை போகும். கோர்ஸ் விலையை இதோடு வைத்துப் பாருங்கள். அபராதத்தை விடுங்கள், அந்தப் பஸ்ஸிலிருந்து இறங்கி, யாரும் வரமாட்டார்கள் என்று நம்பி, சாலையைக் குறுக்கே கடப்பது ஆறு வயதுக் குழந்தை.

அப்புறம் டெக்சஸில் நிறைய இருக்கும் ஃப்ரண்டேஜ் ரோடு. ஹைவேக்கு இணையாகப் பக்கத்திலேயே ஓடும் சாலை. அதில் நீங்கள் நேராகப் போய்க்கொண்டிருக்கும்போது ஹைவேயிலிருந்து இறங்கி ஒரு கார் உங்கள் முன்னால் வரும். நான் நேராகப் போகிறேன், அவன்தானே நுழைகிறான், அவன் நிற்கட்டும் என்று நம் மனம் சொல்லும். அங்கே சட்டம் நேர்மாறு, ஃப்ரண்டேஜ் ரோட்டில் போகிற நீங்கள்தான் வழிவிடவேண்டும். எழுபது மைல் வேகத்திலிருந்து இறங்கி வருகிறவருக்கும் உங்களுக்கும் இதில் ஒரு நொடி குழப்பம் வந்தால் போதும். கோயம்புத்தூரில் எவ்வளவு ஓட்டியிருந்தாலும் இது தானாகத் தெரிந்துவிடாது.

ஓரமாக விளக்கு மினுக்கிக்கொண்டு போலீஸ் காரோ ஆம்புலன்ஸோ இழுவை வண்டியோ நின்றால், அதை ஒட்டிய தடத்தை விட்டு விலகவேண்டும், முடியாவிட்டால் வேக வரம்புக்கு 20 மைல் கீழே குறைக்கவேண்டும். ஓட்டிக்கொண்டே போனில் மெசேஜ் தட்டுவது 2017 செப்டம்பர் முதல் மாநிலம் முழுக்கக் குற்றம். மழை விஷயம் ஆஸ்டினுக்கு மிக முக்கியம், அந்தப் பக்கத்துக் குன்றுப் பகுதியில் திடீர் வெள்ளம் நிமிடங்களில் வரும். ஓடுகிற தண்ணீர் ஓரடி ஆழம் இருந்தாலே சாதாரணக் காரை அடித்துக்கொண்டு போய்விடும். சாலை தண்ணீருக்குள் மறைந்திருந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போகவேண்டும், முன்னால் ஒருவர் தாண்டிப்போனார் என்பதெல்லாம் கணக்கே இல்லை.

இதையெல்லாம் கையேட்டிலும் இலவசமாகப் படிக்கலாமே என்று கேட்பீர்கள். படிக்கலாம், உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு அது போதும். ஆனால் டெக்சஸ் சாலைகளில் 2000-ஆம் ஆண்டு நவம்பர் 7-க்குப் பிறகு ஒரு சாவுகூட இல்லாத நாள் என்று ஒன்றுமே இல்லை, மாநிலப் போக்குவரத்துத் துறையே ஆண்டுதோறும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட சாலையில் இறங்கப்போகிறவர் ஆறு மணி நேரம் உட்கார்ந்து கேட்பது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. விலையைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு, பாடத்தைப் பற்றிக் கிடையாது.

கேள்வி: ஒரு வாட்ஸ்அப் குழுவில், உட்காரவே வேண்டாம், 15 டாலர் அனுப்பினால் ஆறு மணி நேரக் கோர்ஸ் சான்றிதழ் மெயிலில் வரும் என்கிறார்கள். இரண்டு பேர் வாங்கியிருக்கிறார்கள்.
– மாணவர், ஹூஸ்டன்

பதில்: வேண்டவே வேண்டாம். அனுமதி பெற்ற பள்ளி எதுவும் நேரத்தைக் குறைத்துச் சான்றிதழ் தர முடியாது, தருகிறார்கள் என்றால் ஒன்று அது போலி, இல்லையென்றால் உங்கள் பெயரில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காகிதத்தை அரசு ஆபீஸில் கொடுத்து லைசென்ஸ் கேட்பது குற்றம். மாணவர் விசாவில் இருக்கிற ஒருவர் ஒரு 20, 30 டாலர் மிச்சத்துக்காகத் தன் பெயரில் அப்படி ஒரு பதிவை ஏற்படுத்திக்கொள்ளலாமா? உங்கள் பாஸ்போர்ட் நகலையும் அந்தக் குழுவில் கேட்டிருப்பார்களே, அனுப்பாதீர்கள். வாங்கிய இருவரிடமும் ஒழுங்கான கோர்ஸை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் உட்காரவேண்டும் என்றில்லை, பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கேள்வி: நாங்கள் டெக்சஸ் இல்லை, ஃபுளோரிடா. என் கணவருக்கு இந்திய லைசென்ஸ் உண்டு, எனக்கு இல்லை. இங்கே நான்கு மணி நேரக் கோர்ஸ் என்கிறார்கள். இரண்டு பேரும் கட்டவேண்டுமா? கலிஃபோர்னியாவில் இருக்கும் என் தங்கை அங்கே கோர்ஸே இல்லை என்கிறாள்.
– வாசகி, டாம்பா

பதில்: இரண்டு பேரும் கட்டவேண்டியதில்லை. ஃபுளோரிடாவில் அந்த நான்கு மணி நேரக் கோர்ஸ், போக்குவரத்துச் சட்டமும் போதைப்பொருள் விழிப்புணர்வும் சேர்ந்தது, இதுவரை எந்த நாட்டிலும் லைசென்ஸே எடுக்காதவர்களுக்குத்தான். கணவர் ஊர் லைசென்ஸை எடுத்துக்கொண்டு போய்க் காட்டட்டும், காலாவதியாகியிருந்தாலும் பழைய அட்டையைத் தூக்கிப்போடாமல் கையோடு கொண்டுபோகட்டும். நீங்கள் மட்டும் எடுத்தால் போதும். 15 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு 2025-இலிருந்து நான்கு மணி நேரத்துக்குப் பதிலாக ஆறு மணி நேரக் கோர்ஸ் ஆகிவிட்டது. வீட்டில் அந்த வயதில் யாராவது இருந்தால் பழைய கோர்ஸுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். லைசென்ஸ் கட்டணம் அங்கே 48 டாலர், அது தனி. கோர்ஸ் நடத்துவது அங்கேயும் தனியார்தான், அதனால் கட்டணப் பக்கத்தைப் பற்றி ரிச்சர்ட்சன் தம்பிக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும்.

தங்கை சொல்வதும் சரியே. கலிஃபோர்னியாவில் 18 வயது ஆனவர்களுக்குக் கோர்ஸ் கட்டாயம் இல்லை, எழுத்துத் தேர்வும் ரோடு டெஸ்டும் தேறினால் போதும். 18-க்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் அங்கே பாடமும் பயிற்சியும். மாநிலத்துக்கு மாநிலம் இப்படி மாறும் என்பதால், வேறு மாநிலத்தில் இருக்கும் அக்கா தங்கை சொன்னார்கள் என்று பணம் கட்டவும் வேண்டாம், கட்டாமல் இருக்கவும் வேண்டாம். உங்கள் மாநில லைசென்ஸ் துறையின் தளத்தில் வயதையும் பழைய லைசென்ஸ் விவரத்தையும் வைத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.